முப்பதுக்கு இரண்டு

கப்பலிலிருந்து,
ஜனவரி 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று கடலைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது. மாப்பிள்ளைக்கு இடுப்புவலி தேவலையா? நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் குனிந்து கிடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? நாற்காலியில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளச் சொல்.

புறப்பட்டுப் பதினோரு நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் நல்ல வெயில். பிறகு பனிமூட்டம் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்க மனமில்லை. காலையில் அடுக்களைச் சன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றுமே இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கப்பல் போகிறதா நிற்கிறதா என்பதற்கு நான் சூப் பானையைத்தான் எட்டிப் பார்க்கிறேன். சூப் ஆடினால் நாம் போகிறோம்.

ஏறின அன்றே கேப்டன் எல்லோரையும் மேல்தளத்தில் கூட்டி, மருந்து அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். "டாக்டர் இல்லாத கப்பல். முதலுதவி சர்டிஃபிகேட் வாங்கினது இவர் ஒருத்தர்தான். இருபத்திரண்டு உசுரு இனிமே இவர் இடுப்புல தொங்குது, பார்த்துக்குங்க" என்றார். அதுவரைக்கும் என் கை உப்புக்குப் பயந்தவர்கள் இப்போது என் கை ஊசிக்கும் பயப்படுகிறார்கள்.

சான்றிதழைச் சட்டம் போட்டு அடுக்களையில் மாட்டச் சொன்னார். ஆவி பட்டால் மை கரையும் என்று சொல்லி நான் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

உன் வகுப்புப் பொம்மை எப்படி இருக்கிறார்? மார்பை எவ்வளவு அமுக்கினாலும் 'போதாது' என்று சிவப்பு விளக்கே காட்டுவதால் நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்தோமே, அவரைத்தான் கேட்கிறேன். அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


வீட்டிலிருந்து,
ஜனவரி 30
(அனுப்பவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது.)

அண்ணா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். விசாரித்தால் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன்.

நீங்கள் தேறவில்லை.

தேற அறுபது வேண்டும். நீங்கள் வாங்கியது ஐம்பத்தொன்று. கட்டுப் போடுவது, தீக்காயம், எலும்பு முறிவு எல்லாம் என் வகுப்பில் உங்களைப் போல யாரும் செய்யவில்லை. மாமியாரிடம்தான் கவிழ்ந்தீர்கள். முப்பது தடவை மார்பை அமுக்க வேண்டும், இரண்டு தடவை மூச்சை ஊத வேண்டும். மறுபடி முப்பது, மறுபடி இரண்டு. ஆள் அசையும் வரைக்கும், இல்லையென்றால் வேறு ஒருவர் வந்து நம்மை விலக்கும் வரைக்கும். நீங்கள் எண்ணவே இல்லை. ஒரு சுற்றில் பதினெட்டோடு நிறுத்தினீர்கள். அடுத்த சுற்றில் நாற்பத்தொன்று போனீர்கள். மூன்றாவது சுற்றில் பாதியில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "போதும்மா, பதம் வந்துடுச்சு" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உப்பைக்கூட அளந்து போடாத கை உங்கள் கை. பார்த்தாலே தெரியும், தொட்டாலே தெரியும் என்பீர்கள். அடுப்பில் அது சரி. மூச்சு நின்ற ஆளுக்குப் பதம் கிடையாது அண்ணா. எண்ணிக்கைதான் உண்டு.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு மதிப்பெண் புத்தகத்தைத் திறந்து ஐந்தை ஆறாக்கினேன். ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். சான்றிதழ் இல்லாத சமையல்காரரைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. உங்களுக்கு வயது ஐம்பத்திரண்டு. கரையில் பத்து நாள் இருந்தாலே உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. நான் நர்ஸ் படிப்பதற்காகப் பதினேழு வயதிலிருந்து கப்பல் அடுப்படியில் நின்றவர் நீங்கள். நீங்கள் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

இப்போது அந்தக் கப்பலில் ஒருவருக்கு மூச்சு நின்றால், அவர் உயிர் என் ஒரு கோட்டில் நிற்கிறது. இதை அனுப்பினால் நடுக்கடலில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அனுப்பாமல் நான் எப்படித் தூங்குவேன்?


வீட்டிலிருந்து,
ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். தலையணை போட்டாயிற்று. 'மச்சான் சொன்ன வைத்தியம், வலி பாதி போச்சு' என்று சொல்லச் சொன்னார். மீதிப் பாதிக்கும் ஒரு தலையணை கேட்கிறார்.

மாமியாருக்கு மார்புத் தையல் விட்டுப்போய், உங்கள் மாப்பிள்ளைதான் கடையில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தைத்துக்கொண்டிருக்கும்போது சட்டை தைக்கக் கொடுத்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டாராம்.

புது வகுப்பில் பதினாறு பேர். படகில் டிக்கெட் கிழிக்கிற அம்மா ஒருவர். பயணிகள் கப்பலில் முடிவெட்டுகிறவர் ஒருவர். அவர் மாமியாரின் தலையை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் மூச்சு ஊதுவார். சொந்தமாக மீன்பிடிப் படகு ஓட்டுகிற அக்கா, "மீன கரைக்கு இழுத்து சாகடிக்கத்தான் தெரியும், பொழைக்க வெக்க இப்பத்தான் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்.

சும்மா பொழுதுபோக்குக்காக ஒன்பது கேள்வி எழுதியிருக்கிறேன். ஓய்வாக இருக்கும்போது பதில் எழுதுங்கள். விளையாட்டுத்தான். ஏழாவது கேள்வியை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்: முப்பதுக்கு இரண்டு என்றால் என்ன, எப்படி எண்ணுவீர்கள்?

வாய்விட்டு எண்ண வேண்டும் அண்ணா. மனசுக்குள் எண்ணினால் மனசு வேறெங்காவது போய்விடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


கப்பலிலிருந்து,
பிப்ரவரி 22

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பியது கடிதமா, கேள்வித்தாளா? உறையைப் பிரித்ததும் எனக்குப் பரீட்சை ஜுரமே வந்துவிட்டது. பக்கத்து ஆளைப் பார்த்து எழுதலாம் என்றால் பக்கத்தில் வெங்காய மூட்டைதான் இருக்கிறது.

ஒரு கூத்து நடந்தது, கேள். துறைமுகத்தில் நிற்கும்போது என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவர் ஏணியில் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டார். கால்மணி நேரத்தில் தூக்கிவிட்டோம். நல்ல குளிர். கால் தள்ளாடுகிறது, நாக்குக் குழறுகிறது. ரேடியோக்காரர் கரையிலிருக்கும் டாக்டரைக் கூப்பிட்டு, "சார், ஆள் கால்மணி நேரமா தண்ணில இருந்தாரு. இப்ப தள்ளாடறாரு, பேச்சு குழறுது" என்றார். அந்தப் பக்கம் டாக்டருக்கு வந்ததே கோபம். "வேலை நேரத்துல எதுக்குய்யா தண்ணி போட விடறீங்க? மூஞ்சில நல்லா பச்சைத் தண்ணி அடிச்சு, தெளியற வரைக்கும் ஒரு மூலையில போடுங்க!"

தண்ணியில் இருந்தவனுக்கு வைத்தியமும் தண்ணியா? நான் ரேடியோவைப் பிடுங்கி, "கடல்ல விழுந்தாருங்க. குடிக்கல" என்றேன். டாக்டர் இரண்டு நிமிடம் சிரித்துவிட்டுப் பிறகு ஒழுங்காகச் சொன்னார். ஈரத் துணியை மெதுவாகக் கழற்று, படுக்க வை, தேய்க்காதே, நெஞ்சையும் வயிற்றையும் முதலில் சூடாக்கு. எனக்கு அது புதிதில்லை. உறைந்த இறைச்சியைப் பெருந்தீயில் காட்டினால் வெளியே கருகும், உள்ளே கல்லாகக் கிடக்கும். ஆளுக்கும் அதே நியாயம்தான். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். ஆனால் பெயர் 'தண்ணி' என்று நிலைத்துவிட்டது.

எட்டுக் கேள்விக்கும் பதில் பின்பக்கத்தில் இருக்கிறது. திருத்தி அனுப்பு.

பனிமூட்டம் இன்னும் போகவில்லை. மதியம் வேலை முடிந்து பாத்திரம் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால், விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோது நீ சின்னப் பெண்ணாகச் சன்னலுக்கு வெளியே நடந்துபோனாய். வெளியே கடல். நீ பாட்டுக்குப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதுபோலப் போனாய்.

உன் அண்ணன்


வீட்டிலிருந்து,
மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் நலமா? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'தண்ணி' கதையை வகுப்பில் சொன்னேன். சிரித்து முடித்ததும் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: 'தண்ணில இருந்தார் என்று சொல்லக்கூடாது. கடலில் விழுந்தார் என்று சொல்ல வேண்டும்.' உங்கள் பெயரில் ஒரு பாடமே வந்துவிட்டது.

எட்டுப் பதிலும் சரி. நான் ஒன்பது கேள்வி கேட்டிருந்தேன். ஏழாவதைக் காணோம்.

நேற்று மதிய இடைவேளையில் வகுப்பறை மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன். அறை முழுக்கத் தண்ணீர். பெஞ்சுகள் எல்லாம் மெதுவாக மிதந்து சன்னல் வழியாக வெளியே போகின்றன. மாமியார் மல்லாந்து மிதந்து போகிறார். நீங்கள் கையில் கரண்டியோடு அவருக்குப் பக்கத்தில் நீந்திப் போகிறீர்கள். நான் கரையில் நின்று எண்ணுகிறேன். ஒன்று என்கிறேன், வாயிலிருந்து சத்தம் வரவில்லை, சின்ன மீன் ஒன்று வருகிறது. இரண்டு என்கிறேன், இன்னொரு மீன். எழுந்து பார்த்தால் கன்னத்தில் மதிப்பெண் புத்தகத்தின் அட்டை பதிந்திருந்தது.

ஏழாவது கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும் அண்ணா. விளையாட்டு இல்லை.

உங்கள் தங்கை


கப்பலிலிருந்து,
ஏப்ரல் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், தபால் கொண்டுபோகிற படகு பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏழாவது கேள்வி எப்படியோ கைதவறிக் கடலில் விழுந்துவிட்டது. (தண்ணில இருக்கிறது என்று சொல்லமாட்டேன், பயப்படாதே.) மாவு மூட்டை ஒன்று நடுவில் கிழிந்துவிட்டது என்று கேப்டன் கத்துகிறார், போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. எழுத்து இளைத்திருக்கிறது.

அண்ணன்


வீட்டிலிருந்து,
மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கம்பெனி அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர், "பனிமூட்டம்மா, நங்கூரம் போட்டு நிக்குது. கெட்ட சேதின்னா உடனே வந்துடும்" என்கிறார். ஆறுதல் சொல்கிறாராம்.

வகுப்பு முடிந்து தரையைத் துடைக்கும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து நானே எண்ணி எண்ணி அமுக்குகிறேன். முப்பதுக்கு இரண்டு. பச்சை விளக்கு ஒவ்வொரு தடவையும் எரிகிறது. எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? கை அங்கே இருக்கிறது, எண்ணிக்கை இங்கே இருக்கிறது.

ஒரு வரி போதும். 'இருக்கிறேன்' என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை


கப்பலிலிருந்து,
மே 9
(மே கடைசியில்தான் வந்து சேர்ந்தது.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். எல்லோரும் நலம். இதை முதலில் படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

எங்களிடம் 'சுண்ணாம்பு' என்று ஒரு பெயிண்டர் இருக்கிறான். முகத்தில் எப்போதும் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருக்கும், அதனால் அந்தப் பெயர். போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நங்கூரத்தில் நிற்கும்போது, தொங்குபலகையில் உட்கார்ந்து கப்பலின் விலாவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். பாடிக்கொண்டேதான் அடிப்பான். பாட்டு நடுவில் நின்றது. கயிறு நழுவியிருக்கிறது. பனிமூட்டத்தில் அவன் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பாட்டு நின்றதுதான் தெரிந்தது.

படகை இறக்கிக் கண்டுபிடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. மேல்தளத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மூச்சில்லை. உதடு நீலம். ரேடியோக்காரர் டாக்டரிடம், "கடல்ல விழுந்தாருங்க, மூச்சு இல்ல, குடிக்கல" என்று கத்துவது காதில் விழுந்தது. மூழ்கினவருக்கு நீ சொல்லிக்கொடுத்தபடி முதலில் ஐந்து மூச்சு ஊதினேன். பிறகு கையை வைத்தேன். வைத்துவிட்டு, "எண்ணுங்க!" என்றேன்.

எண்ணினார்கள். கேப்டன், ரேடியோக்காரர், 'தண்ணி', எல்லோரும் சுற்றி நின்று ஒரே குரலாக எண்ணினார்கள். யார் முகமும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரே பனி, அதற்குள்ளிருந்து குரல். மேலே காவல் கோபுரத்தில் நின்றவர் கண்ணுக்கே தெரியவில்லை, அங்கிருந்தும் எண்ணிக்கை வந்தது. முப்பது என்று சொன்னதும் நிறுத்துவார்கள். நான் இரண்டு ஊதுவேன். மறுபடி ஒன்று என்பார்கள். எனக்குக் கை ஓய்ந்தால் 'தண்ணி' மாற்றிக்கொண்டார், மறுபடி நான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்க அப்படியே போன மாதிரியும் இருந்தது, கண்மூடித் திறந்த மாதிரியும் இருந்தது. பதினோரு நிமிடம் என்று கேப்டன் எழுதிவைத்திருக்கிறார்.

இருமினான். தண்ணீராகக் கக்கினான். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தேன். கண்ணைத் திறந்து எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார ஏலம் போடறீங்க?" என்று கேட்டான்.

மெதுவாகச் சூடாக்கினோம். அடுத்த நாள் பெரிய கப்பல் ஒன்று வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. பிழைத்துக்கொண்டான் என்று நேற்றுச் செய்தி வந்தது.

உன் ஏழாவது கேள்விக்கு இதைப் பதிலாக வைத்துக்கொள்.

உன் அண்ணன்


வீட்டிலிருந்து,
ஜூன் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி படித்தேன். மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்; அவரையும் படிக்கச் சொன்னேன்.

பயிற்சிக்கூடத்துக்கும் கம்பெனி சொல்லியனுப்பியிருக்கிறது. எங்கள் தலைவர் உங்கள் கதையை எல்லா வகுப்புக்கும் வாசித்துக் காட்டினார். முடிவெட்டுகிறவர் கைதட்டினார், படகு அக்கா அழுதார். வாசலில் உங்கள் படம் மாட்டப்போகிறார்களாம். கீழே என் பெயரும் வருமாம், 'பயிற்சி அளித்தவர்' என்று. ஆணிகூட அடித்துவிட்டார்கள்.

நான் தினமும் அந்த ஆணியைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன்.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஜனவரியில் எழுதினது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதற்கு வாருங்கள்.

படித்துவிட்டீர்களா?

சுண்ணாம்பு பிழைத்துவிட்டார், இனி யாருக்கும் தெரியவேண்டாம் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "கிழிசல உள்பக்கமா மடிச்சு தைச்சா யாருக்கும் தெரியாது. தைச்சவனுக்குத் தெரியும். போட்டுட்டுப் போறவன் கையத் தூக்கினா மறுபடி கிழியும்" என்றார்.

நாளைக் காலை தலைவர் அறைக்குப் போகிறேன். உங்கள் வேலை போகும். என்னுடையதும் போகலாம். அண்ணா, நான் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து இருபத்திரண்டு பேருக்குத் துரோகம் செய்தேன். உங்களையும் ஏமாற்றினேன். என்னை மன்னிக்க வேண்டாம். திட்டுங்கள். ஆனால் கடிதம் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை


கப்பலிலிருந்து,
ஜூன் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். நீ அழுதிருப்பாய், அதனால் உன் நலத்தைக் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும்.

சான்றிதழ் வாங்க வந்த அன்று, நீ முத்திரை எடுக்க உள்ளே போனாய். புத்தகம் மேஜைமேல் திறந்தபடி கிடந்தது. அந்த ஆறு மற்ற ஆறுகளைப் போல இல்லை. ஐந்துக்கு வயிறு வைத்த மாதிரி இருந்தது. எனக்கு எண்ணத்தான் வராது, எண்ணைப் படிக்க வரும்.

நீ முத்திரையோடு வந்தாய், குத்தினாய், சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கப்பல் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. ஆகவே பாவம் முழுவதையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே. பாதி என்னுடையது. எப்போதும் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சாவியைக் கேப்டன் என் இடுப்பில் மாட்டிவிட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையே மாவு மூட்டையை மேல்தளத்தில் போட்டு அமுக்கிப் பார்த்தேன். கை ஓடினால் எண்ணிக்கை நிற்கிறது. எண்ணினால் கை நிற்கிறது. இந்த வயசில் இரண்டும் சேர்ந்து வராது என்று தெரிந்துபோயிற்று. அதனால் எல்லோரையும் கூப்பிட்டு, "எனக்கு எண்ண வராது. எண்ணிக் குடுங்க" என்றேன். நிறையச் சிரித்தார்கள். ஆனால் தினமும் காலையில் வந்து எண்ணினார்கள். ஒவ்வொருவராக அமுக்கவும் கற்றுக்கொண்டார்கள். மூட்டை கிழிந்தது அதனால்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் எழுதவில்லை, எழுதக் கூச்சமாக இருந்தது.

சுண்ணாம்பின் மார்பை அமுக்கும்போது நடுவில் என் கை சொன்னது: விடு, இது முடிந்துவிட்டது. அவ்வளவு தெளிவாகச் சொன்னது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு நாளும் பொய் சொல்லாத கை. அடுப்பில் அது போதும் என்றால் போதும்தான். நான் கையை எடுத்திருப்பேன் தங்கச்சி, சத்தியமாக எடுத்திருப்பேன். ஆனால் அவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று இருபது பேர் சொல்லும்போது நடுவில் நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில்தான் அமுக்கினேன். அதற்குப் பிறகு மூன்று சுற்று கழித்து இருமினான்.

நான் உண்மையிலேயே தேறிவிட்டேன் என்று நம்பியிருந்தால் யாரையும் கூப்பிட்டிருக்கமாட்டேன். தனியாகச் செய்திருப்பேன். அவன் செத்திருப்பான். இதனால் நீ செய்தது சரி என்று ஆகாது. சரியில்லை. அடுத்த கப்பலில் இருபது பேர் எண்ண வருவார்களா என்று யாருக்குத் தெரியும்?

சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கேப்டனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும், "சூப்பு மட்டுமாவது ஒழுங்காத்தான் போட்டீங்களா?" என்று கேட்டார்.

உன் அண்ணன்


வீட்டிலிருந்து,
ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு வயிறு வைத்த ஐந்தை நினைத்துச் சிரித்தேன், மறுபடி அழுதேன். மாப்பிள்ளை என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுத்தார்.

தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "உங்க அண்ணன் காப்பாத்தினாரு, அது நெஜம். நீங்க எழுதின அறுபத்தொண்ணு பொய். ரெண்டும் ஒண்ணாப் போட்டு கலக்காதீங்க" என்றார். ஒரு வருஷம் நான் மதிப்பெண் போடக்கூடாது. பாடம் மட்டும் நடத்தலாம். சம்பளத்தில் குறைத்திருக்கிறார்கள். நான் மதிப்பெண் போட்ட எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுப் பரீட்சை வைக்கிறார்கள். பாவம், முடிவெட்டுகிறவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள்.

உங்கள் சான்றிதழ் ரத்து. கப்பல் ஆகஸ்டில் இங்கே வரும்போது நீங்கள் இறங்க வேண்டும். உங்கள் கப்பலிலிருந்து இன்னும் மூன்று பேரை வகுப்புக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அதில் சுண்ணாம்பும் ஒருவர். நன்றாகத் தேறிவிட்டாராம், அவராகக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

பயிற்சிக்கூடத்து அடுக்களையில் ஆள் இல்லை. தலைவர்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. கடலைப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது. சின்னதுதான்.

உங்களைக் கடலிலிருந்து இறக்கிவிட்டது நான். வாருங்கள்.

உங்கள் தங்கை


பயிற்சிக்கூடத்துக் கீழ்த்தள அடுக்களையிலிருந்து,
செப்டம்பர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலம்தான், காலையில் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. நீ வகுப்பில் இருக்கும்போது ஏறி வந்து உன் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இதென்ன கூத்து என்று கேட்பாய். முப்பத்தைந்து வருஷமாக உன்னிடம் காகிதத்தில்தான் பேசியிருக்கிறேன். நேரில் எப்படிப் பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு மாதமாக நாம் இருவரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டவில்லை.

நேற்று உனக்குப் பதிலாக வெளியூர்க்காரர் ஒருவர் வந்து வைத்த பரீட்சையின் முடிவு உனக்குத் தெரியும். உனக்கு என் முகத்தைப் பார்க்க மனசில்லை, அதுவும் தெரியும். சுண்ணாம்பு எண்பத்துநான்கு. நான் ஐம்பத்தெட்டு. இரண்டில் போயிற்று. மாமியாரிடம்தான்.

பழுதுபார்ப்பு முடிந்து இன்று காலை கப்பல் புறப்பட்டது. சுண்ணாம்பு இடுப்பில் சாவி தொங்கியது. மேல்தளத்தில் நின்று கையை ஆட்டினான். பனி இல்லை, நல்ல வெயில், அதனால் வெகுதூரம் வரைக்கும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் கப்பல் போவதைக் கரையில் நின்று நான் பார்த்ததே இல்லை. அது போவதே தெரியவில்லை. நின்ற இடத்திலேயே சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு இல்லை. நீங்கள் எல்லாம் இதைத்தான் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? திரும்பி வந்து கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றவைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் அந்த ஐம்பத்தெட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். குறைச்சல்தான், ஆனால் என்னுடையது.

சுண்ணாம்புக்கு யார் உயிர் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த முப்பதில் ஒன்றைக்கூட நான் எண்ணவில்லை. ஒரு தடவையாவது ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் என் வாயால் எண்ணி, என் கையால் அமுக்கிவிட வேண்டும். கப்பலுக்காக இல்லை. கப்பல் கிடைக்காது, அது தெரியும்.

திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்குகிறதாமே. பெயர் கொடுத்துவிட்டேன். காலைச் சமையலை முடித்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். நான் தப்பு செய்தால் எல்லோர் முன்னாலும் அதட்டு. பாதியில் கையை எடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல். அண்ணன் என்று பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்